கடைசி வீட்டு ஹடேபேயின் கால்சட்டை

மகோகோபா என்ற பழைய தொழிலாளர் குடியிருப்பில் அந்தத் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகிறது. மேட்டு வீட்டில் யார் நேற்று மொச்சை தின்றார்கள் என்பதைப் பள்ளத்து வீட்டுக்காரர் யாரையும் விசாரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். பள்ளத்தில் கடைசி வீடு ஹடேபேயினுடையது. தாழ்மையைப் பற்றிப் போதகர் பிரசங்கிக்கும்போதெல்லாம் ஹடேபே முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். 'போதகர் வீடு மேட்டில் இருக்கிறது' என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ளவும் செய்வார்.

அந்த வீடுகள் வெள்ளைக்காரன் காலத்தில், வேலைக்கு வந்த ஒற்றை ஆண்களுக்கென்று கட்டியவை. தரைக்கடியில் போட்ட மண்குழாயும் ஒற்றை ஆளை மனதில் வைத்துப் போட்டதுதான். இப்போது வீட்டுக்கு எட்டுப் பேர், ஒன்பது பேர். குழாய் மட்டும் அதே குழாய். போதாக்குறைக்குப் புதன்கிழமை தண்ணீரை நிறுத்தினால் சனிக்கிழமை விடியற்காலையில்தான் திறந்துவிடுவார்கள். மூன்று நாள் காய்ந்த குழாயில் அழுக்கு கல்லாக இறுகிவிடும். அதை நகர்த்த ஒரே வழிதான் உண்டு. தெருவிலுள்ள எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஃப்ளஷை இழுக்க வேண்டும். நேரம் பிசகாமல் இருக்க, சனிக்கிழமை எட்டு மணிக்குக் கோயில் மணியை அடிப்பது என்று ஏற்பாடு. ஆண்டவருடைய மணியை இதற்கா அடிப்பது என்று போதகர் முதலில் முகம் சுளித்தார். ஞாயிறு மணிக்குப் பாதித் தெரு வராது. சனிக்கிழமை மணிக்கோ ஒரு வீடு தவறாது. ஊர் ஒருமனப்படுவது அந்த ஒரு நேரத்தில்தான் என்று கண்டபிறகு அவரும் சம்மதித்துவிட்டார்.

மணி அடித்ததும் தெரு முழுவதும் இழுக்கும். அத்தனையும் ஒன்றாகத் திரண்டு, மேட்டிலிருந்து உருண்டு, ஹடேபே வீட்டு முற்றத்துச் சாக்கடைத் தொட்டிக்கு வரும். சில சனிக்கிழமைகளில் அடக்கமாகக் கடந்து போகும். பல சனிக்கிழமைகளில் மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

இதற்கெல்லாம் காரணம் பக்கத்து வீட்டு மாலுங்காதான் என்பது ஹடேபேயின் முடிவு. மாலுங்கா விதவை. சோப்பு விற்கிற விலையில் அவள் பாத்திரத்தை மணல் போட்டுத்தான் தேய்ப்பாள். தேய்த்த மணலைக் கழுவித் தன் வீட்டுத் தொட்டியில் ஊற்றுவாள். அந்த மணல் வந்து தன் வீட்டுக் குழாயில் தங்குகிறது என்று மூன்று மாதத்துக்கு முன் ஹடேபே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். மாலுங்கா அந்தப் பக்கம் நின்று, "மணல் மட்டுமா வருது? உங்க வீட்டுலேர்ந்து மேல போறது ஒண்ணும் இல்ல, அதனால நீங்க என்ன போடுறீங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் மட்டும் இருவரும் ஒருவர் விரலை ஒருவர் தொட்டுக்கொள்வார்கள், சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல.

போன வருடம் ஹடேபேயின் மகள் நொமாதெம்பாவைப் பெண் கேட்டு ஒரு குடும்பத்தார் வந்தார்கள். அன்று மூடி திறந்துகொண்டது. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு வருகிறோம் என்று போனவர்கள்தான். இந்த வீட்டுப் பெண்ணை எடுத்தால் வாசனையும் சீதனமாக வரும் என்று அவர்கள் சந்தையில் சொன்னது ஊர் சுற்றி ஹடேபே காதுக்கும் வந்தது. நொமாதெம்பா அழவில்லை. "அப்பா, நான் கடைசிவரைக்கும் இங்கயே இருந்து மூடி மேல உக்காந்துக்கறேன். கனத்துக்குத் திறக்காது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் ஹடேபேயால் ஒரு வருடமாக விழுங்க முடியவில்லை.

இப்போது மறுபடி ஒரு சம்பந்தம். பையன் லிண்டானி, பள்ளிக்கூட வாத்தியார். நொமாதெம்பாவே பார்த்து, அவளே விரும்பியவன். அவன் சார்பாகத் தூதர்கள் சனிக்கிழமை காலையில் வருவதாகச் செய்தி வந்தது. வேறு நாள் கேட்கலாம் என்றால் ஹடேபேயின் அக்கா தொர்க்காள் ஒத்துக்கொள்ளவில்லை. பெண் வீட்டார் நாள் மாற்றினால் பெண்ணிடம் குறை என்று ஆகிவிடுமாம். பெண்ணின் அத்தை அவள். கல்யாணப் பேச்சில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹடேபே முற்றத்துத் தொட்டியைத் திறந்து, குந்தி உட்கார்ந்து, நெடுநேரம் யோசித்தார். முப்பது வருடம் ரயில் பணிமனையில் கொதிகலன் ஒழுக்கை அடைத்தவர் அவர். தெருவிலிருந்து தொட்டிக்குள் நுழையும் குழாயின் வாயை அடைத்துவிட்டால் ஒரு சொட்டு உள்ளே வராது. ஒரே ஒரு காலைப்பொழுது. விருந்தாளிகள் போனதும் எடுத்துவிடலாம். குழாய் நீளமானது, ஒரு காலைப்பொழுதில் சேர்வதைத் தாங்கும்.

அடைப்பதற்கு அவருக்குக் கிடைத்தது அவருடைய பழைய பணிமனைக் கால்சட்டை. இடுப்புச் சுற்றளவில் அந்தத் தெருவில் அதற்கு இணை கிடையாது. அதை உருட்டி, கம்பியால் கட்டி, பின்னால் இழுப்பதற்கு ஒரு முனையை விட்டுவிட்டு, குழாய்க்குள் திணித்துக் கட்டையால் அறைந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, எல்லாம் நல்லபடி முடிய வேண்டும் என்று ஜெபமும் செய்தார். அந்த ஜெபத்தில் கால்சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வெளிவாசலில் குரல் கேட்டது.

"ஹடேபே வீட்டாரே! நல்ல உறவு கேட்டு வந்திருக்கோம்!"

மூன்று பேர். முன்னால் நின்றவர் சிகோசானா, தையல்காரர், நெட்டையான மனிதர். தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டு ஒரு சுருக்கமில்லாமல் அவர்மேல் தொங்கியது. பின்னால் லிண்டானியின் சித்தப்பாக்கள் இருவர்.

வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் முறை. பெண் வீட்டார் காது கேளாதவர்களாகி விட வேண்டும். ஹடேபேயின் மனைவி மாகுமேடே முற்றத்தைப் பெருக்கினாள். கூப்பிடுபவர்கள் நின்ற இடத்துக்கு நேராகவே தூசி போகும்படி பெருக்கினாள். தொர்க்காள் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு நேரம்க்கா?" என்றார் ஹடேபே.

"அவசரமா உனக்கு? என்னைக் கேட்டு வந்தவங்கள நம்ம அப்பா மத்தியானம் வரைக்கும் வெயில்ல நிறுத்தினாரு. ஒருத்தர் மயங்கியே விழுந்தாரு. அப்படி வாங்கின மரியாதை இது."

"சரி, நான் கொஞ்சம் முற்றத்துக்குப் போய்ட்டு..."

"பொண்ணோட அப்பன் கூப்பிடறதுக்கு முன்ன மூஞ்சிய காட்டக் கூடாது. உக்காரு. கோட்டு கசங்கும், நேரா உக்காரு."

ஹடேபே நேராக உட்கார்ந்தார். எட்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அடுத்த நொடியில் தெரு முழுவதும், மேட்டிலிருந்து பள்ளம் வரை, ஒரே மூச்சாக ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் உருண்டு வந்தது. ஹடேபே கண்ணை மூடிக்கொண்டார். முற்றத்துத் தொட்டி அசையவில்லை. மூடி அமைதியாகக் கிடந்தது. அவர் உதட்டில் ஒரு சின்னப் புன்னகை வந்தது.

அந்தப் புன்னகைக்கு ஆயுள் அதிகமில்லை. உள்ளே வர வழியில்லாத தண்ணீர் வேறு வழி தேடும் என்பதைப் பணிமனையில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். வெளிவாசலுக்கு எதிரே, சந்தில் இருந்த மேன்ஹோல் மூடி லேசாகத் துள்ளியது. ஓரமாகக் குமிழ் விட்டது. பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், தெருவின் மூன்று நாள் வாழ்க்கை வெளியே வந்து சிகோசானாவின் பளபளக்கும் காலணிகளைச் சூழ்ந்தது.

சித்தப்பாக்களில் ஒருவர் பின்வாங்கப் பார்த்தார். சிகோசானா அவர் கையைப் பிடித்தார். அவர் தணிந்த குரலில் சொன்னது ஜன்னல்வழியே உள்ளே கேட்டது.

"அசையாதே. சோதிக்கிறாங்க."

"இதாலயா சோதிப்பாங்க?"

"எங்க அண்ணனுக்குப் பொண்ணு கேக்கப் போனப்ப நாயை அவிழ்த்து விட்டாங்க. இவங்க வேற மாதிரி. நிமிர்ந்து நில்லு. மூக்கைப் பொத்தாதே, பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அண்ணே, காலுறைக்குள்ள போகுது."

"போகட்டும். சத்தமா சொல்லு!"

"நல்ல உறவு கேட்டு வந்திருக்கோம்!" என்று மூவரும் முழங்கினார்கள். மூன்றாவது ஆளின் குரல் 'உறவு' என்ற இடத்தில் உடைந்தது.

தொர்க்காள் ஜன்னலை விட்டுக் கண் எடுக்காமல், "உறுதியான குடும்பம்தான்" என்றாள். "இன்னும் அரை மணி நேரம் நிக்கட்டும்."

மகள் நொமாதெம்பா உள்ளறைக் கதவிடுக்கில் நின்றிருந்தாள். புது உடை, தலையில் மணிப்பட்டை. அவள் சிரிக்கவில்லை. "அத்தே, அவங்க போய்டுவாங்க" என்றாள். "போன தடவை மாதிரியே போய்டுவாங்க."

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாலுங்காவின் அலறல் எழுந்தது.

"ஐயோ, ஆண்டவரே! கக்கூஸ்லேர்ந்து மேல வருதே! தெருவே என் வீட்டுக்குள்ள வருதே! என் பாய்! என் மாவு மூட்டை!"

ஹடேபேயின் கணக்கில் நீளமான குழாய் இருந்தது, விருந்தாளிகள் இருந்தார்கள், மகள் இருந்தாள். மாலுங்காவின் கக்கூஸ் இல்லை. மூன்று மாதமாக அவளை மனதிலிருந்து நீக்கி வைத்திருந்ததில், அவள் வீட்டையும் சேர்த்து நீக்கிவிட்டிருந்தார்.

எழுந்தார்.

"எங்கடா போறே?" என்றாள் தொர்க்காள்.

"அக்கா, இது அவங்களுக்கு வச்ச சோதனை இல்ல. நான் வச்ச கால்சட்டை."

தொர்க்காளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவர் முற்றத்தில் இருந்தார். கோட்டோடு மண்டியிட்டுத் தொட்டி மூடியைப் புரட்டினார். கம்பி முனை கிடைத்தது. இழுத்தார். வரவில்லை. பின்னால் தெருவே சாய்ந்து நிற்கும்போது துணி ஊறி, உப்பி, குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தது. வாசல் கம்பிகளுக்கு அப்பால் மூன்று தலைகள் அவரையே பார்த்தன. பெண்ணின் தகப்பன் தூதரோடு நேராகப் பேசக் கூடாது. அவர் தாத்தா பேசியதில்லை, அப்பா பேசியதில்லை.

"சிகோசானா!" என்று கத்தினார் ஹடேபே. "அந்த மேன்ஹோலைத் திறந்து, கீழ்ப்பக்கக் குழாய்ல கம்பிய விட்டுத் தள்ளுங்க! நான் இழுக்கறேன்!"

சித்தப்பாக்கள் இருவரும் சிகோசானாவைப் பார்த்தார்கள்.

"ஐயா, இதுவும் முறையிலேயே சேர்ந்ததா?" என்றார் சிகோசானா மரியாதையாக.

"சேராது! தள்ளுங்க!"

வேலியோரம் சாத்தியிருந்த நீளக் கம்பியை மாகுமேடே வாசலுக்கு மேலாக நீட்டினாள். சிகோசானா கோட்டைக் கழற்றி அழகாக மடித்தார். வைக்க உலர்ந்த இடம் தேடினார், கிடைக்கவில்லை. சித்தப்பா ஒருவரின் தலைமேல் வைத்தார். பிறகு மூடியைப் புரட்டி, அதிலேயே மண்டியிட்டு, கம்பியைச் செலுத்தினார்.

"தட்டுது ஐயா! மெத்துனு இருக்கு!"

"அதான்! குத்துங்க!"

"பாவமா இருக்கு, உசிர் உள்ளதா?"

"துணி! துணி! குத்துங்கய்யா!"

ஒருவர் குத்த, ஒருவர் இழுக்க, மூன்றாவது குத்தில் குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டது. கால்சட்டை புறப்பட்டு வந்து ஹடேபேயின் மார்பில் மோதியது. அவர் மல்லாந்து விழுந்தார். கம்பிக்கட்டு அவிழ்ந்து, இரண்டு கால்களும் விரிந்து, அது அவரைக் கட்டித் தழுவியபடி கிடந்தது. தேங்கியதெல்லாம் குடுகுடுவென்று தொட்டிவழியே கீழே ஓடியது. சந்தில் நின்ற தண்ணீர் ஒரு சுழி போட்டு மேன்ஹோலுக்குள் இறங்கியது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த தெருக்காரர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் எல்லோருடைய கண்ணும் கால்சட்டையின் பின்பக்கத்தில் நின்றது. அங்கே ஊதா வெல்வெட்டில் ஓர் ஒட்டு இருந்தது, ஓரத்தில் தங்கக் குஞ்சத்தோடு. இருபது வருடம் கோயில் பிரசங்க மேடையை மூடியிருந்த துணி அது. புதுத் துணி தைத்துக் கொடுத்த மாகுமேடே, பழையதை வீணாக்க மனமில்லாமல் புருஷனுடைய கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்தாள். பிரசங்கத்தில் தூங்குபவர்களுக்குக்கூட அந்தக் குஞ்சம் பழக்கம்.

"இது யாரோடது?" என்று சித்தப்பா ஒருவர் தலைமேல் கோட்டோடு கேட்டார். "எந்தப் புண்ணியவான் இதைக் குழாய்ல போட்டது?"

மாகுமேடே பெருக்குமாற்றைப் பார்த்தாள். தொர்க்காள் வானத்தைப் பார்த்தாள். ஹடேபே வாயைத் திறந்தார். மகளின் முகம் கதவிடுக்கில் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"என்னோடதுங்க."

மாலுங்கா. முழங்கால் வரை நனைந்த பாவாடையோடு, கையில் வாளியோடு, வேலிச் சந்துவழியே வந்து நின்றாள். ஹடேபேயை ஒரு பார்வை பார்த்தாள். நொமாதெம்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தூதர்கள் பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டுக்காரரோடது. செத்துப் பல வருஷமாச்சு. மாகுமேடே துண்டுத் துணி குடுத்தா, நான் ஒட்டுப் போட்டேன். கொடியிலேர்ந்து விழுந்து எப்படியோ குழாய்க்குள்ள போயிருக்கு. இந்த வீட்டு மேல தப்பு இல்ல."

மாலுங்காவின் புருஷனைத் தெருவுக்கே தெரியும். சவப்பெட்டியை இரண்டு பேர் தூக்கினார்கள், அதுவும் பேசிக்கொண்டே. அந்தக் கால்சட்டையின் ஒரு காலுக்குள் அவர் குடியிருந்திருக்கலாம்.

"ஆண்டவர் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும்" என்றார் சிகோசானா தலைகுனிந்து. "பெரிய மனுஷரா இருந்திருக்காரு."

"மனசு பெரிசு" என்றாள் மாலுங்கா.

தகப்பனே வெளியே வந்து தூதரோடு பேசிவிட்டபிறகு வாசலைப் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை என்று தொர்க்காள் தீர்ப்புச் சொன்னாள். வாசல் திறந்தது. விருந்துக்கென்று மாகுமேடே பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அத்தனையும் தூதர்களின் கால்களுக்குச் செலவானது. சிகோசானாவின் கால்சட்டை உடுத்தும் நிலையில் இல்லை. அதைக் கண்ட மாலுங்கா தன் வீட்டுக்கு ஓடினாள். வெள்ளத்துக்குத் தப்பிய டிரங்குப் பெட்டியிலிருந்து, பூச்சியுருண்டை வாசனையோடு, மடிப்புக் கலையாத ஒரு கறுப்புக் கால்சட்டையைக் கொண்டுவந்தாள்.

"அவரு கல்யாணத்துக்குப் போட்டது. யாருக்கும் குடுக்க மனசு வரல. நீங்க நல்ல காரியத்துக்கு வந்திருக்கீங்க, போட்டுக்குங்க."

சிகோசானா உள்ளே போய் அதை அணிந்துகொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் அளவோடு அது நின்றுவிட்டது. இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு வேலியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஊதா ஒட்டுக் கால்சட்டையைப் பார்த்தார். மாலுங்கா தான் செய்ததை அப்போதுதான் உணர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்கு ரெண்டு புருஷனா?" என்று ஒரு சித்தப்பா மற்றவரிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டது.

அந்தக் கேள்விதான் ஹடேபேயை எழுப்பியது. பொய்யைச் சுமந்தது அவள், அவளுடைய பேருக்குத்தான் இப்போது அழுக்கு. வேலிக்குப் போய்க் கால்சட்டையை எடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவருக்கென்றே அளவெடுத்தது என்பது அப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

"இது என்னோடது. போன தடவை வந்தவங்க நாத்தத்துக்குப் பயந்து ஓடினாங்க. நீங்களும் ஓடிடக் கூடாதுன்னு நேத்து நான்தான் இதைக் குழாய்ல வச்சு அடைச்சேன். இந்தம்மா வீடு முழுக்க நாசமாயிடுச்சு. மூணு மாசமா நான் பேசாத அம்மா இது. எம்பொண்ணுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. போறதுன்னா என்னைத் திட்டிட்டுப் போங்க."

சிகோசானா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, நான் தையல்காரன். நீங்க முற்றத்துல மண்டி போட்டப்பவே உங்க இடுப்பை அளந்தாச்சு. இந்தம்மா சொன்னப்ப, இப்படி ஒரு பக்கத்து வீடு இருக்கற இடத்துல பொண்ணு எடுக்கலாம்னு முடிவும் பண்ணியாச்சு." கீழே குனிந்து, கால்சட்டையின் நுனியை எட்டுகிற வரையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "சோதனைன்னு நினைச்சுத்தான் நின்னோம். பரவால்ல, நின்னாச்சு. உள்ள கூப்பிடுவீங்களா?"

தொர்க்காள் கூப்பிட்டாள்.

*

பேச்சு நடக்கும் அறையில் தகப்பனுக்கு இடமில்லை. அது அந்தக் குடும்பத்து வழக்கம். ஹடேபே கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு மாலுங்காவின் வீட்டுக்குப் போனார். அவள் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லவில்லை.

இருவருமாக வேலையில் இறங்கினார்கள். நனைந்த பாயை வெளியே எறிந்தார்கள். மாவு மூட்டையின் அடிப்பக்கம்தான் நனைந்திருந்தது. மேல்மாவை அவள் தனியே அள்ளி வைத்தாள். "நம்ம வீட்டுலேர்ந்து ஒரு மூட்டை கொண்டாறேன்" என்றார் ஹடேபே. அவர் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்தார். சுவரோரம் தேய்க்கும்போது கைக்கு மணல் அகப்பட்டது. ஒரு பிடி அளவு. அதைப் பார்த்தார். வாளியில் போட்டார்.

"பாத்தேன்" என்றாள் மாலுங்கா. "இனிமே செடிக்கு ஊத்தறேன்."

"சோப்பு நான் வாங்கித் தரேன்."

"சோப்புல கரி போகாது. மணல்தான். செடிக்கு ஊத்தறேன்னு சொன்னேன்ல?"

அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து குலவை எழுந்தது. முதலில் தொர்க்காளின் கரகரத்த குலவை, பிறகு மாகுமேடேயினுடையது, பிறகு ஏழெட்டுக் குரல்கள் சேர்ந்து. ஹடேபே துடைப்பத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கண் நிறைந்து, கையில் இருந்த அழுக்கு நினைவுக்கு வந்து, துடைக்காமலே விட்டார். மாலுங்கா வாசலுக்குப் போய், தலையை அண்ணாந்து, நாக்கைச் சுழற்றி, தெரு முழுக்கக் கேட்கும்படி தானும் ஒரு குலவை விட்டாள். நெஞ்சு அடங்க இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு திரும்பித் தரையைப் பார்த்தாள்.

"நொமாதெம்பா அப்பா, அந்த மூலைய விட்டுட்டீங்க."

ஹடேபே மூலைக்கு நகர்ந்தார்.